மைக்கறைக்கு முதல்ல சோப்பு போடாதீங்க

மைக்கறை எப்படிப் போகும்னு யாராவது கேட்டா, எந்த மைன்னு திருப்பிக் கேக்கணுங்க. நாங்க பள்ளிக்கூடம் போன எழுபதுகள், எண்பதுகள்ல எங்க நாமக்கல், ராசிபுரம், பரமத்தி வேலூர் பக்கத்துல துணி துவைக்கிற பொம்பளைங்களுக்கு இது தனியா சொல்லித்தர வேண்டிய விசயம் இல்ல. நீல மைக்கு ஒரு வழி, நீலக்கருப்பு மைக்கு வேற வழி. மாத்திச் செஞ்சா சட்டை போச்சு. வருசத்துக்கு ரெண்டு சட்டை எடுத்துக் குடுக்கிறதுக்கே பருத்தி வித்த காசை எண்ணிப் பார்த்த வீடுகள்ல, சட்டை போறதுங்கிறது சின்ன விசயம் கிடையாது.

சின்ன வயசுக்காரங்களுக்கு அந்தக் காலத்து மைப்பேனா எப்படி இருக்கும்னு சொல்லிடறேன். அஞ்சாவது வரைக்கும் சிலேட்டும் பென்சிலும். ஆறாவது போனாத்தான் பேனா. பால்பாயிண்ட் பேனாவுல எழுதினா கையெழுத்து கெட்டுப்போகும்னு வாத்தியாருங்க விடமாட்டாங்க. புதுப்பேனா யாருக்கு கெடைச்சுது, அண்ணன் எழுதித் தேச்ச பேனாதான். கழுத்து மரை தேஞ்சு கசியும். அதுக்கு நூல் சுத்தி, சோப்பு தடவி மூடுவோம். கசிஞ்சதை சாக்பீஸ் வச்சு உறிஞ்சுவோம், மிச்சத்தை தலைமுடியில தேய்ப்போம். நிப்புல மை எறங்கலைன்னு ஒரு உதறு உதறினா முன்னாடி பெஞ்சுக்காரன் முதுகு பூரா புள்ளி. முழுப்பரீட்சை கடைசி நாள் அன்னிக்கு வேணும்னே அடிச்சுக்குவாங்க. பேனாவுல இருக்கிற மையெல்லாம் அடுத்தவன் சட்டையில. அந்தச் சட்டை ஜூன் மாசம் தம்பிக்குப் போகணுங்கிறது அந்த நேரத்துல எவனுக்கும் நெனப்பு வராது.

அந்தச் சட்டைகளை 501 பார் சோப்பு போட்டுத் துவைச்சா ஒரு வேடிக்கை நடக்கும். ராயல் ப்ளூ மை விழுந்த சட்டை, ரெண்டு துவையல்ல வெளிறிப் போயிடும். நீலக்கருப்பு மை விழுந்த சட்டையில நீலம் போகும், அந்த எடத்துல துரு மாதிரி ஒரு பழுப்பு வந்து உக்காந்துக்கும். அதுக்கப்புறம் நீங்க கல்லுல அடிச்சாலும் போகாது. ரெண்டும் ஒரே கடையில, ஒரே மாதிரி பாட்டில்ல வாங்கின மைதான். ஆனா ரெண்டும் வேற வேற சாதனம். ஒண்ணு வெறும் சாயம். இன்னொண்ணு இரும்பு.

இரும்புன்னு சும்மா சொல்லலைங்க. இந்தியத் தர நிர்ணயத்துல ஐ.எஸ். 220னு ஒண்ணு இருக்கு. பேனா மைக்கானது. அதுல 0.1 சதவீதம் இரும்பு உள்ள மைன்னே பேர். லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கு. அந்த இரும்பு எங்கிருந்து வருதுன்னா, அன்னபேதி உப்புல இருந்து. விவசாயிங்களுக்கு அன்னபேதியைச் சொல்லித்தர வேண்டியதில்ல. நிலக்கடலையோ கரும்போ இரும்புச்சத்து இல்லாம இலை வெளுத்துப் போனா, நூறு லிட்டர் தண்ணிக்கு அரைக்கிலோவுல இருந்து ஒரு கிலோ வரைக்கும் கரைச்சு அடிக்கிற அதே பச்சை உப்புதான். மையோட இன்னொரு பாதி, துவர்ப்பு. கடுக்காய், கருவேலங்காய், ஆவாரம்பட்டை, இதுல எல்லாம் இருக்கிற துவர்ப்பு. மேல்நாட்டுல ஓக் மரத்துல பூச்சி கட்டின காய் மாதிரி உருண்டை ஒண்ணு வரும், மாசிக்காய்னு நம்ம நாட்டு மருந்துக்கடையில கிடைக்குமே, அதுல இருந்து எடுத்தாங்க. துவர்ப்புத் தண்ணியும் அன்னபேதித் தண்ணியும் சேர்ந்தா மை. ஆயிரம் வருசத்துக்கு மேல ஐரோப்பாவும் அரபு நாடும் எழுதினது பெரும்பாலும் இந்த மையிலதான்.

நம்ம வீட்டுலயும் இந்த மை தினமும் உண்டாகுது, கவனிச்சிருக்க மாட்டீங்க. இரும்பு அருவாமணையில வாழைக்காய் நறுக்கினா அருவா கறுக்கும், காயும் கறுக்கும். வாழைத் தோட்டத்துல தார் வெட்டுறவங்க வேட்டியில விழுற கறை முதல்ல தண்ணி மாதிரிதான் இருக்கும், காய்ஞ்சா காவி, அப்புறம் கருப்பு. மோகனூர், வேலூர் பக்கம் காவேரிக்கரை வாழைக்காரங்க வேட்டியைப் பார்த்தாலே தொழில் தெரிஞ்சிடும். அன்னபேதி அடிக்கிற அன்னிக்கு அந்த வேட்டியைக் கட்டிட்டுப் போனா, தண்ணி தெறிச்ச எடமெல்லாம் மை ஊத்தினாப்பல ஆயிடும். எவர்சில்வர் கத்தியில நறுக்கினா காய் அவ்வளவு கறுக்காது. இரும்பு வெளிய வராத இரும்பு அது.

இதுல எங்க ஜில்லாக்காரங்க பெருமைப்பட்டுக்க ஒரு சங்கதி இருக்கு. மைக்கு வேண்டிய ரெண்டு பாதியும் இங்கேயே கெடக்கு. கடுக்காய் மரம் கொல்லிமலையிலயும் சேர்வராயன் மலையிலயும் உண்டு. இரும்பு கஞ்சமலையில. கஞ்சமலை இரும்புக்கல்லை நம்ம ஆளுங்க மண் உலையில கரி போட்டு உருக்கி கொழுவும் மம்பட்டியும் அடிச்சிருக்காங்க. சேலத்துல கிழக்கிந்திய கம்பெனி உத்தியோகம் பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத்ங்கிற வெள்ளைக்காரர், 1830 வாக்குல பரங்கிப்பேட்டையில பெரிய உருக்காலை போட்டதும் இந்த சேலத்துக் கல்லை நம்பித்தான். அது ஓடி ஓஞ்சு போச்சு. நூத்தம்பது வருசம் கழிச்சு, 1980கள் தொடக்கத்துல அதே கஞ்சமலை அடிவாரத்துல சேலம் உருக்காலை ஓட ஆரம்பிச்சப்ப, அது செஞ்சது கறை பிடிக்காத இரும்பு!

சரி, இவ்வளவு இருந்தும் நம்ம முன்னோருங்க ஏன் இந்த மையில எழுதலைன்னு கேக்கலாம். ஓலையில எழுத மை வேண்டாம், எழுத்தாணி போதும். கீறின எடத்துல கரியைப் பூசித் துடைச்சா எழுத்து தெரியும். கரி எந்த நூலோடயும் சேராது, மேல உக்காந்திருக்கும். அதனால கடுக்காயையும் இரும்பையும் அவங்க எழுத்துக்குக் கொண்டுபோகாம துணிக்குக் கொண்டுபோனாங்க. கும்பகோணத்துப் பக்கம் கோடாலி கருப்பூர்ல தஞ்சாவூர் மராட்டிய அரண்மனைக்குச் சேலை எழுதினாங்க. அந்தக் கலம்காரி வேலையில துணியை முதல்ல கடுக்காயும் பாலும் கலந்த தண்ணியில நனைச்சுக் காயவைப்பாங்க. பால் எதுக்குன்னா, கோடு பரவாம இருக்க. இன்னொரு பக்கம் துருப்பிடிச்ச இரும்பை வெல்லத்தண்ணியில போட்டுப் புளிக்க வச்சிருப்பாங்க. அந்தப் புளிச்ச தண்ணியை மூங்கில் எழுதுகோல்ல தொட்டு, கடுக்காய் ஏறின துணியில கோடு போட்டா, போட்ட எடம் கருப்பு. ஆத்துத் தண்ணியில போட்டு அலசினாலும் போகாது. ராணிங்க உடுத்தின சேலையில இருந்த கருப்பும், எங்க சட்டைப் பையில இருந்த பழுப்பும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க.

அது ஏன் போகாதுங்கிறதுதான் விசயமே. மை பாட்டில்ல இருக்கிறப்ப இரும்பு கரைஞ்ச நிலையில இருக்கும், நிறமும் அவ்வளவா இருக்காது. கரைஞ்ச மை நூலுக்குள்ள எறங்கிடும். எறங்கின பெறகு காத்துப் பட்டு, நூலுக்குள்ளேயே கறுத்து, தண்ணியில கரையாத பொருளா மாறிடும். கதவைத் திறந்து உள்ள போனவன் உள்ள போய்க் குண்டாகி, திரும்பி வர முடியாம மாட்டிக்கிட்ட மாதிரி. எழுதும்போது எழுத்து கண்ணுக்குத் தெரியாம வெளுப்பா இருக்குதேன்னு 1850கள்ல ஜெர்மனியில டிரெஸ்டன் நகரத்து மைக்காரர் ஒருத்தர் அவுரி நீலத்தைச் சேர்த்தார். எழுதும்போது நீலம், மறுநாள் கருப்பு. நீலக்கருப்புங்கிற பேருக்கு அதுதான் காரணம்.

போகக்கூடாதுன்னே செஞ்ச மை இது. சர்க்கார் பதிவேடு, கோர்ட்டு, பத்திரம் எல்லாம் இதுல எழுதணும்னு இருந்தாங்க. எங்க அப்பாரு காலத்துக் கிரையப் பத்திரம் ஒண்ணு வீட்டுத் தகரப் பெட்டியில இருக்கு. மை பழுப்பாகிப் போச்சு. அழுத்தி எழுதின எடத்துல தாளே பொடிஞ்சு ஓட்டை விழுந்திருக்கு. நாலு எல்லையும் கெணத்துல பாதிப் பாத்தியமும் மட்டும் இன்னிக்கும் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். அந்த எழுத்து நின்னதாலதான் எங்க பாதிக் கெணறு எங்களுக்கு நின்னுது. பங்காளிச் சண்டையில பெரியவங்க முன்னாடி அந்தத் தாளை விரிச்சு வச்சப்பத்தான் பேச்சு அடங்கிச்சு. சட்டையில விழுந்தா சனியன்னு திட்டுற மைதான், பத்திரத்துல விழுந்தா சாமி.

இதுக்கு மறுபக்கமும் உண்டு. சட்டையில இருந்து இந்த மையை எடுக்கத் தெரிஞ்சவனுக்கு பத்திரத்துல இருந்தும் எடுக்கத் தெரியும். புளிப்பு ஒண்ணுதான் இதுக்கு எமன். 19ஆம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல கள்ளப் பத்திரம், கள்ளச் செக்கு தயாரிச்சவங்க புளிப்பை வச்சுத்தான் பழைய எழுத்தை அழிச்சு புது எழுத்தை எழுதினாங்க. செக்கை மருந்து போட்டு அழிச்சா தாள்ல தடம் காட்டிக்குடுக்கிற மாதிரி காகிதம் கண்டுபிடிக்க வேண்டி வந்தது அதனாலதான்.

இப்ப துவைக்கிற கல்லுக்கு வருவோம். இந்த நெளிவுசுளிவு அத்தனையும் தெரிஞ்சவங்க எங்க ஊருக்குத் துணி வெளுத்த குடும்பம். அவங்க வீட்டுப் பாட்டி அழுக்கு மூட்டையைப் பிரிச்சதும் முதல் வேலையா கறைத்துணியைத் தனியா எடுத்து வைக்கும். கறையோட வெள்ளாவி வச்சா கறை துணிக்குச் சொந்தமாயிடும்னு சொல்லும். அது அப்படியே சரி. வெள்ளாவிக்குப் போடுறது உவர்மண். உவர்மண்ணுன்னா சோடாக் காரம். மையில இருக்கிற இரும்புக்குக் காரம் பட்டா, அது துவர்ப்பை விட்டுப் பிரிஞ்சு துருவா நூல்லயே தங்கிடும். அதுக்கு மேல ராத்திரி பூரா ஆவியும் குடுத்தா கேக்கவே வேண்டாம். எங்க வீட்டு பார் சோப்பு செஞ்ச கோளாறும் இதேதான், சோப்பும் காரம்தானே.

துணி போகாத மையும் அவங்க கையிலதான் இருந்துச்சு. எந்தத் துணி எந்த வீட்டுதுன்னு தெரியறதுக்கு ஓரத்துல ரெண்டு புள்ளி, ஒரு கோடுன்னு குறி வைப்பாங்க. சேங்கொட்டையைக் குத்தி வர்ற பாலைத் தொட்டுக் குறி வச்சு மேல சுண்ணாம்பு தடவிட்டா, துணி கிழியிற வரைக்கும் அந்தக் கருப்பு நிக்கும். உவர்மண்ணும் ஒண்ணும் பண்ணாது, புளிப்பும் ஒண்ணும் பண்ணாது. பால் கையில பட்டா கொப்புளம் கிளம்பும், அதையும் தாங்கிக்கிட்டுத்தான் செஞ்சாங்க. இவ்வளவு ரசாயனம் தெரிஞ்சவங்களுக்கு ஊர் குடுத்தது அறுப்புக் களத்துல அளந்து போட்ட தானியம். அதுக்கும் கடைசியில நின்னு வாங்கணும். அந்தக் குடும்பத்துப் பிள்ளைங்க படிச்சு வெளியூர் போயிட்டாங்க, போனது நல்லது. அவங்க கைவசம் இருந்த கணக்கை மட்டும் யாரும் எழுதி வைக்கல. எழுத்துக்கு மை செஞ்சவன் கதை புத்தகத்துல இருக்கு, மையை எடுத்தவங்க கதை இல்ல.

அந்தப் பாட்டியும் எங்க அம்மிச்சியும் கையாண்ட வழியைச் சொல்றேன், இன்னிக்கும் செல்லும். நீலக்கருப்பு மை விழுந்தா துணியை உடனே பச்சைத் தண்ணியில அலசணும், தேய்க்கக் கூடாது. தேய்ச்சா பரவும். அப்புறம் எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு, உப்புத் தூவி, வெயில்ல போடணும். காய்ஞ்சா மறுபடியும் பிழியணும். எலுமிச்சைப் புளிப்பு இரும்பைப் பிடிச்சு இழுத்துக் கரைக்கும். வெயில் எதுக்குன்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். புளிப்போட சேர்ந்த துரு வெளிச்சம் பட்டா கரையிற இரும்பா மாறும்னு பிற்பாடுதான் படிச்சேன். அதனால நிழல்ல ரெண்டு நாள் ஆகறது வெயில்ல அரை நாள்ல ஆகும். பழுப்பு போன பெறகு நல்ல தண்ணியில மூணு நாலு தரம் அலசி எடுத்துட்டு, அதுக்கப்புறந்தான் சோப்பு. அலசாம சோப்பு போட்டீங்கன்னா மிச்சமிருக்கிற இரும்பு மறுபடி துருவா உக்காரும். மை விழுந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ளன்னா புளிச்ச மோர்ல ஊறவச்சாலே பாதி போயிடும். வாழைப்பூ ஆஞ்சு மோர்த்தண்ணியில போடுறோமே, அந்தக் கணக்குத்தான்.

எலுமிச்சை இல்லாத நாள்ல அம்மிச்சி வாய்க்கால் ஓரத்துப் புளியாரையைப் பிடுங்கிக் கசக்கித் தேய்க்கும். அதுல இருக்கிறது ஆக்ஸாலிக் புளிப்பு. ஐரோப்பாவுல சலவைக்காரங்க இதே மாதிரி புளிக்கிற கீரையில இருந்து உப்பு எடுத்து மைக்கறைக்குத் தனியா வித்திருக்காங்க. கொண்டைக்கடலைச் செடியிலயும் இந்தப் புளிப்பு உண்டு. பனியோட கடலைக்காட்டுக்குள்ள நடந்தா கால் அரிக்கிறது அதனாலதான். ராத்திரி செடி மேல வெள்ளைத்துணியை விரிச்சுப் போட்டு, விடியக்காலம் பிழிஞ்சு அந்தப் புளிப்புத் தண்ணியை வைத்தியத்துக்கு எடுத்து வைப்பாங்க. கடையில ஆக்ஸாலிக் ஆசிட் தூளாவே கிடைக்குது, துருக்கறையும் மைக்கறையும் உடனே எடுக்கும். ஆனா விஷம். குழந்தைங்க இருக்கிற வீட்டுல நான் வாங்கமாட்டேன். புளியைக் கரைச்சு ஊத்தலாமேன்னு தோணும். பித்தளைக்குச் சரி, வெள்ளைத் துணிக்கு வேண்டாம், புளி தன்னோட கறையை விட்டுட்டுப் போயிடும்.

பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீங்க. நீலத்தை எடுத்துடும், இரும்பை இன்னும் கெட்டியான துருவாக்கிடும். கலர் துணியா இருந்தா எலுமிச்சையும் வெயிலும் துணியோட சாயத்தையும் சேத்து எடுக்கும், உள்மடிப்புல ஒரு சொட்டு விட்டுப் பாத்துட்டுச் செய்யுங்க. எதுவும் பலிக்காத பழைய கறைக்கு அம்மா செஞ்ச வேலை, அலசற தண்ணியில நீலம் ஒரு சிட்டிகை கூடப் போடுறது. பழுப்பு மேல நீலம் ஏறினா கண்ணுக்குத் தெரியாது. 1983ல உஜாலா வந்தப்புறம் சொட்டு நீலம், அதுக்கு முந்தி நீலப்பொடி. ஆனா கறை இருக்கிற எடத்துல இரும்பு நூலை அரிச்சுக்கிட்டேதான் இருக்கும். பத்திரத்துத் தாள்ல ஓட்டை விழுந்த மாதிரி, சட்டையும் முதல்ல கிழியறது அந்த எடத்துலதான்.

ராயல் ப்ளூ கதை சுருக்கம். பெரும்பாலும் காரம் பட்டா நிறம் செத்துப்போற சாயம் அது, அதனால பச்சைத் தண்ணி அலசு, சோப்பு, வெயில், முடிஞ்சுது. ஜெர்மனியில பள்ளிக்கூடப் பசங்க தப்பா எழுதினா அழிக்கிறதுக்கு ஒரு மருந்துப் பேனா வச்சிருக்காங்களே, அது வேலை செய்யறதும் இந்தக் குணத்தாலதான். நீலக்கருப்பு மேல அந்தப் பேனாவைத் தேய்ச்சா நீலம் போகும், கருப்பு அசையாது.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துல புதுப்பாளையத்துல ராஜாஜி 1925ல காந்தி ஆசிரமம் தொடங்கின நாள்ல இருந்து எங்க பக்கம் கதர்ச் சட்டை ஜாஸ்தி. கதர்ச் சட்டையும் பையில குத்தின பேனாவும் அந்தக் காலத்து வாத்தியாருக்கும் கட்சிக்காரருக்கும் அடையாளம். கையால நூத்த நூல் மெதுவா இருக்கும், மையை நல்லாக் குடிக்கும். கதர்க்காரங்க சீமை மையில எழுதறதான்னு ஒரு சங்கடமும் இருந்திருக்கு. அதுக்குத்தான் ராஜமுந்திரியில ரத்னம் பேனா, பம்பாயில டாண்டேகர் குடும்பத்து கேம்லின், வங்காளத்துல சுலேகா மைன்னு 1930கள்ல வரிசையா சுதேசி பேனாவும் மையும் வந்தது. சுதேசி மைக்கறையும் சீமை மைக்கறை மாதிரியேதான் இருந்துச்சு, துவைச்சவங்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்ல.

எண்பதுகள் கடைசியில ரெனால்ட்ஸ் வந்து மைப்பேனாவை ஓரங்கட்டிடுச்சு. அது எண்ணெய் மை. எலுமிச்சையும் மோரும் அதுக்கிட்ட செல்லாது. கறைக்கு அடியில பழந்துணி வச்சு, மேல ஸ்பிரிட்டை பஞ்சுல தொட்டு ஒத்தி எடுக்கணும், மை அடித்துணிக்கு எறங்கும். ஓட்டுப் போட்டா விரல்ல வைக்கிறாங்களே, 1962 தேர்தல்ல இருந்து மைசூர் பெயிண்ட் கம்பெனியில செய்யற மை, அதுல இருக்கிறது வெள்ளி உப்பு. வெளிச்சம் பட்டா கறுத்து தோலோடயே நின்னுடும். துணியில பட்டாலும் அப்படித்தான். எங்க ஊர் பூத்துல மை வைக்கப் போற பொண்ணுங்க பழைய சேலையாப் பாத்துக் கட்டிட்டுத்தான் போகும்.

இப்ப பசங்க எழுதற ஜெல் பேனா கருப்புல நெறைய வகை கரிப்பொடி மை. ஓலைச்சுவடிக்குப் பூசின அதே சாதி, ஆனா பொடி அத்தனை நைசு, நூல் இடுக்குல போய்ப் புதைஞ்சுக்கும். புளிப்புக்கும் கரையாது, காரத்துக்கும் கரையாது, ஸ்பிரிட்டுக்கும் கரையாது. போன மாசம் பேத்தி சட்டைப் பையில ஒண்ணு உடைஞ்சுபோச்சு. பையைப் பிரிச்சு எடுத்துட்டு, அதே அளவுல வேற துணி வெட்டித் தைக்கச் சொல்லி ராசிபுரத்து டெய்லர்கிட்ட குடுத்தோம். முப்பது ரூவா வாங்கினாரு.